மலையேறும் மோட்டார் சைக்கிள், மரத்துப்போகும் விரல்கள்: கைகளைக் குளிரிலிருந்து காப்பது எப்படி?

பீடோர்: கொய்யாப் பழத்துக்கும் வாத்து மீக்கும் பெயர்பெற்ற பீடோரில் பகல் வெயில் 32, 33 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தொடுகிறது. இங்கே மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்குக் கை குளிருமா என்று கேட்டால் பலர் சிரிப்பார்கள். விடியற்காலை மழையில் நனைந்தபடி வேலைக்குப் போனவர்கள் சிரிக்க மாட்டார்கள். தாப்பா சாலை வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி இறங்கியவர்களும் சிரிக்க மாட்டார்கள். விரல் விறைத்து, பிரேக்கைப் பிடித்தோமா இல்லையா என்று தெரியாமல் தவிப்பது எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பத்தில் ஆறு பேருக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. வேகம், சாலைக் குழி, கனரக லோரி எனக் காரணங்கள் பல. மோட்டார் சைக்கிளை நிறுத்துவதும் திருப்புவதும் கைகள்தான் என்பதால், கை விறைப்பதை வெறும் அசௌகரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆண்டிறுதி மழைக்காலத்துக்கும் பள்ளி விடுமுறைப் பயணங்களுக்கும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.

உண்மையில் எவ்வளவு குளிர்?

பீடோரிலிருந்து பழைய கூட்டரசு சாலையில் வடக்கே பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் தாப்பா. அங்கிருந்து லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி, ரிங்லெட் வழியாகத் தானா ராத்தா சுமார் 60 கிலோமீட்டர். இந்தத் தூரத்துக்குள் சாலை ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது.

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும் என்பது வானிலையியலின் பொதுக் கணக்கு. அதன்படி 1,400 மீட்டருக்குச் சுமார் 9 டிகிரி குறைகிறது. பீடோரில் விடியற்காலை 24 டிகிரி என்றால் தானா ராத்தாவில் 15 டிகிரி. அதற்கும் மேலே பிரிஞ்சாங் பக்கம் இன்னும் குறைவு. மலேசியாவில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 டிகிரியும் கேமரன் மலையில்தான் பதிவானது. அது 1978 பிப்ரவரி 1ஆம் தேதி. ஈப்போவிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக மலையேறுபவர்களுக்கும் இதே கணக்குதான்.

கீழே, பீடோரிலும் சுற்றுத் தோட்டங்களிலும், குளிர் வேறு வகையில் வருகிறது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில், குறிப்பாக டிசம்பர், ஜனவரி மாதங்களில், வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் சில நாட்கள் உண்டு. 2018 ஜனவரியில் அப்படி வந்த குளிர் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களிலும் வெப்பமானி 21, 22 டிகிரிக்குக் கீழே அதிகம் போவதில்லை. ஆனால் மழையில் நனைந்த கையோடு 70 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு அந்த 22 டிகிரியே போதும்.

காற்றும் ஈரமும்தான் எதிரி

வெப்பமானி காட்டும் எண்ணும் கை உணரும் குளிரும் ஒன்றல்ல. நம் தோலை ஒட்டி மெல்லிய சூடான காற்றுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். சும்மா நிற்கும்போது அதுவே நமக்குப் போர்வை. மோட்டார் சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்று அந்தப் படலத்தை நொடிக்கு நொடி பிடுங்கிக்கொண்டே போகிறது.

வட அமெரிக்காவில் 2001 முதல் பயன்படுத்தப்படும் குளிர்காற்றுக் கணக்கின்படி, 10 டிகிரி குளிரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடித்தால் அது சுமார் 5 டிகிரி போல் உணரப்படும். வெப்பநிலை 0 டிகிரி என்றால் உணரப்படுவது மைனஸ் 9 டிகிரி. 10 டிகிரிக்கு மேல் அந்தக் கணக்கைப் பயன்படுத்துவதில்லை. ஆனாலும், காற்று தோலின் வெப்பத்தை அள்ளிச் செல்வது 15 டிகிரியிலும் 20 டிகிரியிலும் நடக்கத்தான் செய்கிறது.

ஈரம் சேர்ந்தால் நிலைமை இரு மடங்கு மோசம். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, கையுறையில் ஊறிய நீர் காற்றில் ஆவியாகும்போது அதற்குத் தேவையான வெப்பத்தையும் நம் கையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் நனைந்த கையுறைக்குள் விரலும் குளிர்கிறது. இதனால்தான் நனைந்த துணிக் கையுறை சில நேரங்களில் வெறுங்கையைவிட மோசமாகிவிடுகிறது.

முதலில் விரல் ஏன் விறைக்கிறது?

விரல்களில் தசை மிகக் குறைவு. விரலை அசைக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. ஆகவே விரல் தானாக வெப்பம் உண்டாக்குவது அரிது. இரத்தம் கொண்டுவரும் சூட்டை நம்பியே அது இருக்கிறது. உடல் குளிர ஆரம்பித்ததும் மூளை முதலில் இதயம், நுரையீரல், குடல் போன்ற உள்ளுறுப்புகளைக் காப்பாற்றப் பார்க்கிறது. அதற்காகக் கை கால்களில் உள்ள சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. விரலுக்குப் போகும் சூடு குறைகிறது.

இதில் ஒரு முக்கியமான விஷயம் அடங்கியிருக்கிறது. நெஞ்சும் கழுத்தும் குளிர்ந்தால், எவ்வளவு தடித்த கையுறை போட்டாலும் விரல் குளிரும். நெஞ்சு சூடாக இருந்தால் சாதாரணக் கையுறையிலேயே விரல் ஓரளவு தாக்குப்பிடிக்கும். கையைக் காப்பாற்றும் வேலை சட்டைப் பொத்தானிலிருந்து தொடங்குகிறது.

விறைத்த கையில் பிரேக் என்ன ஆகும்?

விரல் தோலின் வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கும்போது நுணுக்கமான வேலைகளில் தடுமாற்றம் தெரியும். 8 டிகிரி அளவுக்கு இறங்கினால் தொடு உணர்வு வெகுவாக மங்கிவிடும். முன்கைத் தசையும் குளிர்ந்தால் பிடியின் பலம் குறையும், விரல் மடங்கும் வேகமும் குறையும்.

சாலையில் இதன் பொருள் என்ன? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. விறைத்த விரல் பிரேக் பிடியை எட்டிப் பிடிக்க அரை நொடி தாமதித்தால் வண்டி 8 மீட்டர் கூடுதலாகப் போய்விடும். தாப்பா சாலையின் வளைவுகளில் எதிரே காய்கறி லோரி வரும்போது 8 மீட்டர் என்பது சிறிய தூரமல்ல.

நம் ஊரில் அதிகம் ஓடும் கப்சாய் வண்டிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற வண்டிகளில் இடது கைக்குக் கிளட்ச் வேலை இல்லை. நேர்ச்சாலையில் அதைச் சற்று எடுத்துச் சூடேற்றிக்கொள்ளலாம். வலது கை அப்படியில்லை. ஆக்சிலேட்டரும் முன் பிரேக்கும் அதனிடமே இருக்கின்றன. ஓய்வே இல்லாத அந்தக் கைதான் அதிகம் விறைக்கிறது. யமாஹா ஒய்15இசட்ஆர் போன்ற கிளட்ச் வண்டிகளில் இரண்டு கைக்கும் ஓய்வு கிடைக்காது.

மலையிலிருந்து இறங்கும் பயணத்தில் கூடுதல் கவனம் தேவை. ஏறும்போது குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, இடையில் நின்று சரிசெய்ய நேரம் இருக்கிறது. அதிகாலையில் இறங்கும்போதோ மிகக் குளிர்ந்த பகுதியே முதலில் வருகிறது. பிரேக்குக்கு அதிக வேலையும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. தானா ராத்தாவிலிருந்து ரிங்லெட் வரையிலான பகுதியை மெதுவாகக் கடப்பது நல்லது. மூன்றாம் அல்லது இரண்டாம் கியரில் இறங்கினால் இயந்திரமே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். விரலும் பிரேக்கும் களைக்காது.

நெஞ்சிலிருந்து தொடங்குங்கள்

மலேசியாவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்து வெளிநாட்டவர்கள் வியப்பதுண்டு. தோட்டத்திலும் கம்பத்திலும் வளர்ந்தவர்களுக்கு அதன் காரணம் தெரியும். முன்பக்கம் ஜிப் இல்லாததால் காற்று உள்ளே நுழைய வழியில்லை, நெஞ்சு காக்கப்படுகிறது, சட்டையும் அழுக்காவதில்லை. மேலே சொன்ன இரத்த ஓட்டக் கணக்கின்படி இந்தப் பழக்கம் விரலுக்கும் நல்லதே. கழற்றும்போது முதுகுப் பக்கம் தொங்கும் துணி சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். மலைக்குப் போகும் நீண்ட பயணத்துக்கு மட்டும், கழுத்து வரை மூடும் ஜாக்கெட்டை நேராகப் போட்டு, அதன்மேல் மழைக்கோட்டு அணிவது இன்னும் பாதுகாப்பு.

ஜாக்கெட் மெல்லியதாக இருந்தால் பழைய நாளிதழ் கைகொடுக்கும். பிரான்ஸ் சைக்கிள் பந்தய வீரர்கள் மலை உச்சியில் நாளிதழை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்குவது நெடுநாள் வழக்கம். நான்கைந்து தாள்களை மடித்துச் சட்டைக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் வைத்தால் காற்று ஊடுருவாது. நனைந்ததும் எடுத்துவிட வேண்டும்.

கழுத்தில் ஒரு துண்டு அல்லது கழுத்துறை, தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிடுவது, கிளம்பும் முன் வயிற்றுக்கு ஏதாவது சாப்பிடுவது ஆகியவையும் இதோடு சேர்ந்தவை. வெறும் வயிற்றில் உடல் போதிய சூடு உண்டாக்காது.

எந்தக் கையுறை?

நம் நாட்டில் தலைக்கவசம் கட்டாயம், கையுறை கட்டாயமில்லை. அதனால் பலர் கையுறையை வாங்குவதே இல்லை, வாங்குபவர்களும் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறார்கள். கடைகளில் கிடைக்கும் வகைகளை இப்படிப் பிரிக்கலாம்.

வெள்ளைப் பருத்திக் கையுறை: ஹார்ட்வேர் கடைகளில் மிக மலிவாகக் கிடைப்பது. உலர்ந்த காலையில் வெயிலையும் தூசியையும் தடுக்கும். மழையில் பஞ்சுபோல் நீரை உறிஞ்சும். மலைக்கும் மழைக்கும் ஏற்றதல்ல.

உள்ளங்கையில் ரப்பர் பூசிய வேலைக் கையுறை: பிடி நன்றாக இருக்கும். காற்று படும் புறங்கைப் பக்கம் துணியாக இருப்பதால் அங்கேதான் குளிரும். குறுகிய தூரத்துக்குப் போதும்.

தோல் கையுறை: காற்றைத் தடுக்கும், விழுந்தால் உள்ளங்கையைக் காக்கும். நன்றாக நனைந்துவிட்டால் உலர நேரமாகும். உலர்ந்தபின் விறைப்பாகிவிடும்.

நீர்புகா மோட்டார் சைக்கிள் கையுறை: உள்ளே நீர் புகாத சவ்வும் மெல்லிய கம்பளி உறையும் உள்ளது. விலை கூடுதல். மாதத்துக்கு ஒருமுறை மலையேறுபவருக்கும், அன்றாடம் விடியற்காலையில் ஓட்டுபவருக்கும் செலவுக்கு ஏற்ற பலன் உண்டு. ஐரோப்பாவின் இஎன் 13594 தரக்குறி இருந்தால் விழும்போது உரசலைத் தாங்குமா என்று சோதிக்கப்பட்டது என்று பொருள்.

எதை வாங்கினாலும் கடையிலேயே மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, கையுறை இறுக்கமாக இருக்கக்கூடாது. இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் குளிரும்; விரல் நுனியில் சற்றே இடைவெளி இருப்பது நல்லது. இரண்டாவது, அதை மாட்டிக்கொண்டு பிரேக்கைப் பிடிக்கவும் சமிக்ஞை விளக்குப் பொத்தானை அழுத்தவும் முடிய வேண்டும். அளவுக்கு மீறித் தடித்த கையுறை விறைத்த விரலைப் போலவே ஆபத்தானது. மூன்றாவது, மணிக்கட்டுக்கும் ஜாக்கெட் கைக்கும் நடுவே இடைவெளி தெரியக்கூடாது. அந்த வழியாக நுழையும் காற்று முழங்கை வரை போகும்.

ஒரு தடித்த கையுறையைவிட இரண்டு மெல்லிய அடுக்குகள் நல்லது. உள்ளே நைலான் அல்லது கம்பளியில் மெல்லிய உறை, வெளியே காற்றும் நீரும் புகாத உறை. இரண்டுக்கும் நடுவில் தங்கும் காற்றே சூட்டைப் பிடித்துவைக்கிறது.

மழையில் கைகொடுக்கும் மலிவான வழிகள்

நல்ல கையுறை வாங்க வசதியில்லாதவர்களும் வழியில் திடீர் மழையில் மாட்டிக்கொள்பவர்களும் செய்யக்கூடியவை:

- பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை ஓர் அளவு பெரியதாக வாங்கி, மெல்லிய துணிக் கையுறையின்மேல் மாட்டிக்கொள்ளலாம். நீரும் காற்றும் உள்ளே வராது. முழங்கைப் பக்கம் நீண்டிருக்கும் பகுதி மணிக்கட்டு இடைவெளியையும் மூடிவிடும். ஈரத்தில் பிரேக் பிடி வழுக்குகிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே வேகம் கூட்ட வேண்டும்.

- கிளினிக்குகளில் பயன்படுத்தும் மெல்லிய ரப்பர் கையுறையை உள்ளே போட்டு, மேலே சாதாரணக் கையுறை மாட்டலாம். வெளிக் கையுறை நனைந்தாலும் தோலில் ஈரம் படாது. நீண்ட நேரம் போட்டால் உள்ளே வியர்க்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும்.

- வேறு எதுவும் இல்லாதபோது பிளாஸ்டிக் பை உதவும். அதைக் கையுறைக்கு உள்ளேதான் போட வேண்டும். வெளியே போட்டால் பிடி வழுக்கும், காற்றில் படபடத்து ஆக்சிலேட்டரில் சிக்கும்.

- இருக்கைக்கு அடியிலோ கூடையிலோ ஒரு ஜோடி உலர்ந்த கையுறையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருங்கள். மழை விட்டதும் மாற்றிக்கொண்டால் மீதிப் பயணம் முழுவதும் சுகமாக இருக்கும்.

வண்டியில் செய்யக்கூடியவை

ஹேண்டலின் இரு பக்கமும் மாட்டும் பிளாஸ்டிக் கைக்காப்பு, எதிர்க்காற்றையும் மழையையும் விரலில் படாமல் திருப்பிவிடும். காட்டு வழி வண்டிகளில் பார்க்கும் அதே பொருள்தான். கப்சாய்க்குப் பொருந்தும் அளவிலும் கிடைக்கிறது. மின்சாரமோ பராமரிப்போ தேவையில்லை.

ஹேண்டலையும் கையையும் சேர்த்து மூடும் துணி உறை இன்னொரு வகை. சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளில் குளிர்காலத்தில் உணவு விநியோகம் செய்பவர்களின் வண்டிகளில் இதைப் பரவலாகப் பார்க்கலாம். கை எளிதில் உள்ளே போய் வெளியே வர வேண்டும். மாட்டியபின் ஹேண்டலை இடது கோடி முதல் வலது கோடி வரை திருப்பி, ஆக்சிலேட்டர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்புகிறதா, பிரேக் பிடியில் துணி அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் சாலையில் இறங்கக்கூடாது.

சூடேறும் கைப்பிடி பெரிய வண்டிகளில் வருகிறது. தனியாக வாங்கி மாட்டும் வகை ஒரு ஜோடிக்கு 30 முதல் 40 வாட் மின்சாரம் எடுக்கும். இது கப்சாயின் முகப்பு விளக்கு எடுக்கும் அளவு. 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 3 ஆம்பியர். சிறிய பேட்டரியும் சிறிய மின்னாக்கியும் உள்ள வண்டியில் இதைச் சேர்த்தால் விளக்கு மங்கும், பேட்டரி விரைவில் இறங்கும். அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் கேட்காமல் மாட்டுவது புத்திசாலித்தனமல்ல. பியூஸ் இல்லாமல் நேராகப் பேட்டரியில் இணைப்பது தீ விபத்துக்கு வழி.

செலவில்லாத ஒரு வேலையும் உண்டு. மலைக்குப் போகும் முன் முன் பிரேக் கேபிளையும் ஆக்சிலேட்டர் கேபிளையும் துடைத்து எண்ணெய் விட்டு, தளர்ச்சியைச் சரிசெய்யுங்கள். டிரம் பிரேக் வண்டிகளில் கேபிள் தளர்ந்திருந்தால் பிடியை ஆழமாக அழுத்த வேண்டிவரும். சூடான கைக்கு அது பெரிதாகத் தெரியாது. விறைத்த கையால் அது முடியாது.

விறைத்துவிட்டால் என்ன செய்வது?

முதல் விதி, நிற்பது. விரல் நுனியில் ஊசி குத்துவது போன்ற உணர்வு முதல் எச்சரிக்கை. அந்த உணர்வும் நின்று மரத்துப்போனால் இனி ஓட்டக்கூடாது. பாதுகாப்பான இடத்தில், வளைவில்லாத பகுதியில், சாலையை விட்டு ஒதுங்கி நிறுத்துங்கள். தாப்பா சாலையில் லாத்தா இஸ்கண்டாரும் ரிங்லெட்டும் வழக்கமான நிறுத்தங்கள்.

நனைந்த கையுறையைக் கழற்றி, கையைத் துடைத்து, அக்குளில் அல்லது தொடைகளுக்கு நடுவில் வையுங்கள். கைகளைத் தோளிலிருந்து பெரிய வட்டமாக வீசிச் சுழற்றினால் இரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். ஒரு கோப்பை தேத்தண்ணீரைக் கையில் பிடித்துக் குடிப்பது உள்ளேயும் வெளியேயும் சூடு தரும். மதுபானம் சூடு தருவதுபோல் தோன்றினாலும் உடல் சூட்டை வெளியேற்றிவிடும். ஓட்டுபவருக்கு அது எப்படியும் ஆகாது.

செய்யக்கூடாதவையும் உண்டு. விறைத்த கையை இயந்திரத்திலோ எக்ஸோஸ் குழாயிலோ வைக்காதீர்கள். உணர்வு இல்லாத கைக்குச் சுடுவது தெரியாது. தெரியும்போது தோல் வெந்திருக்கும். கொதிக்கும் நீரில் கையை முக்குவதும் அப்படியே. வெதுவெதுப்பான நீர் போதும். ஒரு கையை இயந்திரத்தருகே நீட்டியபடி ஓட்டுவது சிலருடைய பழக்கம். குழி ஒன்று வந்தால் போதும், வண்டி கையை விட்டுப் போய்விடும்.

உடல் முழுவதும் நடுங்கி, பேச்சு குழறி, எங்கே நிற்கிறோம் என்பதில் குழப்பம் வந்தால் அது கையின் பிரச்சினை அல்ல. உடல் வெப்பநிலையே இறங்குகிறது. உலர்ந்த உடை, கூரை, உடனடி மருத்துவ உதவி தேவை. 999 எண்ணை அழைக்க வேண்டும்.

யாருக்குக் கூடுதல் கவனம்?

புல் வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் இயந்திரம் போன்ற அதிரும் கருவிகளை ஆண்டுக்கணக்கில் பிடித்து வேலை செய்பவர்களுக்கு விரல் நரம்பும் இரத்தக் குழாயும் பாதிக்கப்படலாம். குளிர் நாடுகளில் இது விரல் வெளுப்பதாகத் தெரியும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் பெரும்பாலும் மரத்துப்போதலாகவும் கூச்சமாகவுமே தெரியும் என்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. தோட்டத்திலும் நகராண்மைக் கழகக் குத்தகை வேலையிலும் இருப்பவர்கள், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது விரல் மரத்தால் அதைக் குளிர் என்று விட்டுவிடக்கூடாது. அதிர்வினால் வரும் நோய், 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில்சார் நோய்ப் பட்டியலில் உள்ளது. மருத்துவரிடம் செய்யும் வேலையைச் சொல்லிப் பரிசோதித்துக்கொண்டால் சொக்சோ கோரிக்கைக்கு அது ஆதாரமாகும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்புத் தளர்ச்சியால் கை கால்களில் உணர்வு ஏற்கெனவே குறைந்திருக்கலாம். குளிர்வதும் சுடுவதும் அவர்களுக்குத் தாமதமாகவே தெரியும். புகைபிடிப்பவர்களுக்கு நிகோட்டின் இரத்தக் குழாயைச் சுருக்குகிறது. நிறுத்தத்தில் பிடிக்கும் ஒரு சிகரெட் விரலை இன்னும் குளிரவைக்கும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் சில மாத்திரைகளும் கை குளிர்வதைக் கூட்டும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தக்கூடாது. மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சிறிய குளிருக்கே விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகி, கடைசியில் சிவந்து வலித்தால் அது ரேனோ நோயாக இருக்கலாம். 1862இல் அதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோவின் பெயரால் அழைக்கப்படும் இந்த நிலை பெண்களிடம் அதிகம். குளிரே இல்லாத நாளிலும் கட்டை விரல், சுட்டு விரல், நடுவிரல் மட்டும் மரத்தால் மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கலாம். இரண்டுக்கும் கையுறை தீர்வல்ல. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால்

சொக்சோவில் பதிவு பெற்ற தொழிலாளர், வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நடுவில் வழக்கமான பாதையில் விபத்துக்குள்ளானால் அது பணி தொடர்பான பயண விபத்தாகக் கருதப்படுகிறது. உணவு, பொட்டல விநியோகம் செய்பவர்களுக்கு 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உண்டு. காவல் துறைப் புகாரும் மருத்துவ அறிக்கையும் கையில் இருந்தால் கோரிக்கை எளிதாகும். முதலாளி சந்தா கட்டுகிறாரா என்பதைச் சம்பளச் சீட்டில் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது.

தூரப் பயணம் போகிறவர்களுக்கு

ஆண்டிறுதியில் குழுவாகத் தாய்லாந்தின் வடக்கே, சியாங் மாய், மே ஹோங் சோன் பக்கம் மோட்டார் சைக்கிளில் போகும் மலேசியர்கள் அதிகம். அங்கே டிசம்பர், ஜனவரி மாதங்களின் காலை நேரம் கேமரன் மலையைவிடக் குளிரானது. 2,565 மீட்டர் உயரமுள்ள டோய் இந்தானோன் உச்சியில் சில காலைகளில் உறைபனி படியும். தமிழ்நாட்டுக்குப் போய் வண்டி வாடகைக்கு எடுத்து ஊட்டிக்கு ஏறுகிறவர்களும் அங்கே டிசம்பர், ஜனவரியில் புல்வெளியில் உறைபனி விழும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இந்தப் பயணங்களுக்கு ரப்பர் கையுறை உத்தி போதாது. நீர்புகாக் கையுறை, உள்ளுறை, கைக்காப்பு மூன்றும் வேண்டும். சூடு தரும் இரும்புத்தூள் பொட்டலங்களைப் பயன்படுத்துவதாக இருந்தால் புறங்கைப் பக்கம், உள்ளுறைக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்தால் பிடி தளரும். தோலில் நேராகப் பட்டால் சுடும்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்

1. கழுத்து வரை ஜிப் போட்டாயிற்றா? நெஞ்சில் காற்று படுமா?
2. கையுறைக்கும் ஜாக்கெட் கைக்கும் நடுவே தோல் தெரிகிறதா?
3. கையுறையோடு பிரேக்கை முழுதாகப் பிடித்து விட முடிகிறதா?
4. உலர்ந்த மாற்றுக் கையுறை பையில் உள்ளதா?
5. அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எங்கே நிற்கலாம் என்று தெரியுமா?
6. வீட்டில் உள்ளவர்களிடம் போகும் வழியும் திரும்பும் நேரமும் சொல்லியாயிற்றா?

பின்னிருக்கையில் வருபவரின் கையையும் கேட்டுப் பாருங்கள். ஓட்டுபவரின் முதுகு அவருக்குக் காற்றைத் தடுத்தாலும், அசையாமல் உட்கார்ந்திருப்பதால் அவருக்குக் குளிர் வேறுவிதமாக ஏறும். பிள்ளைகள் என்றால், குளிர்கிறது என்று சொல்லவே மாட்டார்கள். நிறுத்தும்போது அவர்கள் விரலைத் தொட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி.